பாஷ்ஆர்சியில் அழித்த ப்ராக்ஸி திரும்பத் திரும்ப முளைக்கிறது. எங்கே ஒளிந்திருக்கிறது?

14 மே 2023, காலை 10.40 (கேள்வி)

அண்ணா, லேப்டாப்பில் உபுண்டு 22.04. காலேஜ் ஹாஸ்டலில் ப்ராக்ஸி (நடுவில் நின்று நெட்டைக் கடத்திவிடும் சர்வர்) இல்லாமல் நெட் வராது. அதனால் .பாஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது படிக்கும் அமைப்பு ஃபைல்) எச்டிடிபி_ப்ராக்ஸி, எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி ரெண்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிருந்தேன். இப்ப லீவுக்கு வீட்டுக்கு வந்தாச்சு, அந்த ரெண்டு வரியையும் அழிச்சிட்டேன். ஆனாலும் டெர்மினல் திறந்து எக்கோ அடிச்சா அதே காலேஜ் முகவரி, 172.16.2.30, போர்ட் 8080 வந்து நிக்குது. கிட் க்ளோன் (கோட் இறக்குற கட்டளை) அடிச்சா ரொம்ப நேரம் தொங்கிட்டு டைம்அவுட் ஆகுது. மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். ஓஎஸ்ஸையே மறுபடி போட்டுடலாமா?

14 மே, காலை 11.15

ஓஎஸ் எல்லாம் போடாதீங்க தம்பி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதையா ஆயிடும்.

போன்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன். கட்டளை, ஃபைல் பேரு எல்லாம் உச்சரிப்புல எழுதுறேன், நீங்க டைப் பண்ணும்போது மாத்திக்கோங்க.

பாஷ், அதாவது டெர்மினல்ல நீங்க அடிக்கிற கட்டளையை வாங்கி ஓட்டுற ஷெல், ஒரே ஒரு ஃபைலைப் படிக்கிறது இல்ல. லாகின் ஷெல்லா (பேரு, பாஸ்வேர்டு குடுத்து உள்ள வர்றப்ப திறக்கிறது) இருந்தா முதல்ல /எட்சி/ப்ரொஃபைல். உபுண்டுல அது /எட்சி/ப்ரொஃபைல்.டி போல்டர்ல இருக்கிறதையும் இழுத்துக்கும். அப்புறம் வீட்டு போல்டர்ல .பாஷ்_ப்ரொஃபைல், .பாஷ்_லாகின், .ப்ரொஃபைல் மூணையும் இந்த வரிசையில தேடி, முதல்ல கிடைக்கிறதை மட்டும் படிக்கும், மத்ததைத் திரும்பிக்கூடப் பாக்காது. லாகின் இல்லாத சாதா டெர்மினல் ஜன்னலுக்கு /எட்சி/பாஷ்.பாஷ்ஆர்சியும் .பாஷ்ஆர்சியும். ஒரு இடத்துல அழிச்சிருப்பீங்க, இன்னொரு இடத்துல எப்பவோ போட்டது கிடக்கும்.

வேரியபிள் (உங்க எச்டிடிபி_ப்ராக்ஸி மாதிரி, மதிப்பை வச்சிருக்கிற பேரு) பேரைத் தேடாதீங்க, முகவரியைத் தேடுங்க: ஃபைலுக்குள்ள தேடுற க்ரெப் கட்டளைக்கு -ஆர் குடுங்க, கூடவே -ஐ குடுங்க, 172.16.2.30ஐ வீட்டு போல்டர்லயும் /எட்சிலயும் தேடச் சொல்லுங்க. அந்த ஐ பெரிய எழுத்து ஐ. சின்ன ஐ வேற வேலை. பெரிய ஐ போட்டா பைனரி ஃபைலை (மனுஷன் படிக்கிற எழுத்தா இல்லாதது) எல்லாம் ஒதுக்கிட்டுத் தேடும், சீக்கிரம் முடியும்.

நூத்துக்குத் தொண்ணூறு .ப்ரொஃபைல்லதான் இருக்கும். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும்.

14 மே, மதியம் 12.05

மேல பெரிய ஐ, சின்ன ஐ ன்னு எழுதினப்பதான் உறைச்சது. தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, ஆனா இந்த விவகாரத்துல அதுதான் முக்கியம். எச்டிடிபி_ப்ராக்ஸிய சின்ன எழுத்துல எழுதினா ஒரு வேரியபிள், பெரிய எழுத்துல எழுதினா வேற வேரியபிள். கர்ல் (டெர்மினல்ல இருந்தே நெட்ல எடுக்கிற கட்டளை) சின்ன எழுத்து உள்ளதை மட்டும்தான் மதிக்கும், பெரிய எழுத்து எச்டிடிபி_ப்ராக்ஸிய வேணும்னே கண்டுக்காது. காரணம் இருக்கு: பழைய சிஜிஐ முறையில (வெப் சர்வர் வர்ற கோரிக்கையை வேரியபிளா மாத்தி வேற ப்ரோக்ராம்கிட்ட குடுக்கிறது), வெளிய இருந்து ஒருத்தன் 'ப்ராக்ஸி' ங்கிற ஹெட்டரோட கோரிக்கை அனுப்பினா, அது சர்வர்ல இதே பெரிய எழுத்து வேரியபிளா மாறி உக்காந்துக்கும். 2016ல எச்டிடிபாக்ஸி ன்னு பேர் வச்சுப் பெருசாப் பேசினாங்களே, அந்த ஓட்டை. கர்ல் அதை ரொம்ப முன்னாடியே அடைச்சிடுச்சு.

உங்ககிட்ட ரெண்டுல எது இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.

14 மே, மதியம் 12.35 (கேட்டவர்)

ரெண்டும் இருக்கு அண்ணா, பெரிசும் சின்னதும். நான் சின்னது மட்டும்தான் போட்டிருந்தேன்.

தேடினதுல .பாஷ்_ஹிஸ்டரில மட்டும் நாலு வரி வந்துச்சு, பழசா நான் அடிச்ச கட்டளைங்க. வேற எங்கயும் இல்ல. /எட்சில சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டே தேடினேன், ஒண்ணுமே இல்ல. இன்னொண்ணு: சூடோ ஆப்ட் அப்டேட் மட்டும் நல்லா ஓடுது.

14 மே, மதியம் 1.30

ஆப்ட் (மென்பொருள் நிறுவுற கட்டளை) ஓடுறதுல ஆச்சரியம் இல்ல. சூடோ உங்க சூழலை (எக்ஸ்போர்ட் ஆன வேரியபிள் மொத்தமும்) அப்படியே ரூட்டுக்கு, அதாவது நிர்வாகி பக்கம், கொண்டு போகாது. என்வ்_ரீசெட் ங்கிற அமைப்பு இயல்பாவே உண்டு, பெரும்பாலான வேரியபிளை வாசல்லயே கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள விடும். உங்க ப்ராக்ஸி அங்க உதிர்ந்துடுது.

முகவரி எந்த ஃபைல்லயும் இல்லன்னா, ஏதோ ஸ்க்ரிப்ட் துண்டு துண்டா ஒட்டி உருவாக்குதோ என்னவோ. ஆளைக் கையும் களவுமாப் பிடிக்க ரெண்டு வழி.

ஒண்ணு, தடம் போடுறது. பிஎஸ்4 வேரியபிள்ல பாஷ்_சோர்ஸும் லைன்நோவும் வர்ற மாதிரி வச்சுட்டு, பாஷுக்கு எல், ஐ, எக்ஸ், சி நாலையும் சேத்துக் குடுத்து, எக்ஸிட் மட்டும் பண்ணச் சொல்லுங்க. எந்த ஃபைல்ல எந்த வரி ஓடிச்சுன்னு ஒண்ணு விடாமக் கொட்டும். அது எரர் பக்கம் வரும், 2> போட்டு ஒரு ஃபைலுக்குத் திருப்பி வச்சுத் தேடுங்க. திரையில பாத்தா கண்ணு போயிடும். என் மெஷின்ல டேப் கம்ப்ளீஷன் மட்டுமே பக்கம் பக்கமாப் போகும்.

ரெண்டாவது எனக்குப் பிடிச்சது. மெனக்கெட்டுத் தேடாம, திருடன் கை வைக்கிற இடத்துல மணி கட்டுறது. பாஷ் --நோஆர்சி ன்னு ஒரு சுத்தமான ஷெல் திறந்து, எச்டிடிபி_ப்ராக்ஸிய ரீட்ஒன்லி ஆக்கி (மாத்த முடியாம பூட்டி), சோர்ஸ் கட்டளையால (ஃபைலை இதே ஷெல்லுக்குள்ள ஓட்டுறது) ஒவ்வொரு ஃபைலா இழுங்க. எவன் அதை மாத்தப் பாத்தாலும் ஃபைல் பேரு, வரி எண்ணோட 'ரீட்ஒன்லி வேரியபிள்' ன்னு பாஷ் கத்தும்.

14 மே, மாலை 4.10

மேல சொன்ன மணி விஷயத்துல ஒரு திருத்தம். ரீட்ஒன்லி அந்த ஷெல்லுக்குள்ள மட்டும்தான். பிள்ளை ப்ராசஸுக்கு (இந்த ஷெல் திறந்து ஓடுற ப்ரோக்ராமுக்கு) மதிப்பு போகும், பூட்டு போகாது. அதனால அதை வச்சிட்டு உள்ள இன்னொரு பாஷ் திறந்து சோதிக்காதீங்க, அதே ஷெல்லுல சோர்ஸ்தான் பண்ணணும். இன்னொண்ணு, மணி அடிச்ச இடத்தோட அந்த ஃபைலைப் படிக்கிறதே நின்னு போகலாம். அதுக்குக் கீழ இருக்கிற வரிங்க ஓடலன்னா பதறாதீங்க. பூட்டினதை அன்செட்டும் (அழிக்கவும்) பண்ண முடியாது, வேலை முடிஞ்சதும் அந்த ஷெல்லை மூடிடுங்க.

14 மே, மாலை 6.20 (கேட்டவர்)

எல்லா ஃபைலையும் சோர்ஸ் பண்ணிட்டேன். மணி அடிக்கவே இல்ல. தட ஃபைல்லயும் ப்ராக்ஸி ங்கிற வார்த்தையே இல்ல. ஆனா ஒரு சந்தேகம் அண்ணா, --நோஆர்சி போட்டுத் திறந்த அந்தச் சுத்தமான ஷெல்லுலயே ப்ராக்ஸி இருந்துச்சே?

14 மே, மாலை 6.30

அது நீங்க திறந்த பழைய ஷெல்லுல இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கும், விடுங்க.

14 மே, இரவு 11.10

விடுங்கன்னு சொன்னது தப்பு. கரண்ட் போயிடுச்சு, மொட்டைமாடில படுத்துக்கிட்டு யோசிச்சா, அந்தத் தம்பி கேட்ட சந்தேகம்தான் மொத்த விவகாரமும். காலையில இருந்து நான்தான் அவரைத் தப்பான தெருவுல வீடு வீடா ஏற விட்டிருக்கேன்.

ஷெல்லுக்கு ஒரு வேரியபிள் ரெண்டு விதமா வரும். ஒண்ணு பிறவியிலேயே வர்றது: யார் இந்த ஷெல்லைப் பெத்தாங்களோ அவங்க கையில குடுத்து அனுப்பினது. இன்னொண்ணு பழக்கத்துல வர்றது: பிறந்த பிறகு .பாஷ்ஆர்சி, .ப்ரொஃபைல் எல்லாம் படிச்சுக் கத்துக்கிட்டது. என்வ் (சூழலைக் காட்டுற கட்டளை) அடிச்சா ரெண்டும் கலந்து கட்டித்தான் தெரியும், எது எதுன்னு பிரிச்சுக் காட்டாது. நாம பழக்கத்தை மட்டும் தேடிக்கிட்டு இருக்கோம்.

பிரிச்சுப் பாக்க லினக்ஸ்ல ஒரு ஜாதகம் இருக்கு. /ப்ராக் கீழ ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதோட எண்ணுல ஒரு போல்டர், அதுக்குள்ள என்விரான் ன்னு ஒரு ஃபைல். அந்த ப்ராசஸ் எக்ஸெக் ஆன (ஓட ஆரம்பிச்ச) நொடியில கையில குடுத்த சூழல் அதுல அப்படியே இருக்கும். அப்புறம் பாஷ் உள்ளுக்குள்ள எத்தனை எக்ஸ்போர்ட் போட்டாலும், எத்தனை அன்செட் பண்ணாலும் அதுல ஏறாது, இறங்காது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

நீங்க செய்ய வேண்டியது: புது ஜன்னல் திறங்க. கேட் /ப்ராக்/$$/என்விரான். $$ ன்னா இந்த ஷெல்லோட எண். வரி பிரியாம ஒட்டிக்கிட்டு வரும், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பூஜ்ய எழுத்து. டிஆர் கட்டளையில '\0' ஐ '\என்' ஆ மாத்தினா வரி வரியா வரும்.

அதுல ப்ராக்ஸி இருந்தா எந்த ஸ்டார்ட்அப் ஃபைல் மேலயும் குத்தம் இல்ல. இல்லன்னா நான் காலையில சொன்னதுதான் சரி. இருக்கும்னுதான் தோணுது.

15 மே, காலை 8.05 (கேட்டவர்)

இருக்கு! ப்ராக்ஸி வரிங்க மட்டும் எழுதுறேன், சின்ன எழுத்து:

எச்டிடிபி_ப்ராக்ஸி=எச்டிடிபி://172.16.2.30:8080/
எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி=எச்டிடிபி://172.16.2.30:8080/
நோ_ப்ராக்ஸி=லோக்கல்ஹோஸ்ட்,127.0.0.0/8,::1

இதே மூணும் பெரிய எழுத்துலயும் இருக்கு.

15 மே, காலை 8.20

தம்பி, நீங்க .பாஷ்ஆர்சியில போட்டிருந்த வரில போர்ட் எண்ணுக்கு அப்புறம் கடைசியில சாய்கோடு இருந்துச்சா? ஹிஸ்டரில கிடைச்ச அந்த நாலு வரியைப் பாத்துச் சொல்லுங்க. நோ_ப்ராக்ஸி ன்னு வாழ்க்கையில எப்பவாவது டைப் பண்ணியிருக்கீங்களா?

15 மே, காலை 8.31 (கேட்டவர்)

சாய்கோடு இல்ல. 8080லயே முடிஞ்சுடுது. நோ_ப்ராக்ஸி போட்டதே இல்ல. அந்த ::1 என்னன்னே தெரியாது.

15 மே, காலை 9.00

அப்ப இது உங்க கையெழுத்து இல்ல. ::1 ஐபிவி6ல லோக்கல்ஹோஸ்ட். ஹாஸ்டல் அவசரத்துல அதை யாரும் கையால அடிக்க மாட்டாங்க. ஒரு ப்ரோக்ராம் எழுதினது.

ஆபீஸ் கிளம்பணும். அதுக்குள்ள மூணு சோதனை. (1) கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அடிச்சு, கறுப்புத் திரையில லாகின் பண்ணிப் பாருங்க. (2) விஎஸ் கோட் (கோட் எழுதுற எடிட்டர்) வச்சிருந்தா, பக்கத்துப் பட்டையில இருக்கிற ஐகானை அழுத்தித் திறந்து அதுக்குள்ள இருக்கிற டெர்மினல்ல பாருங்க. (3) பிபிஐடி ன்னு ஒரு வேரியபிள், அதுல இந்த ஷெல்லோட அப்பன் எண் இருக்கும். அந்த அப்பனோட என்விரானையும் படிங்க.

15 மே, மதியம் 1.15 (கேட்டவர்)

(1) கறுப்புத் திரையில இல்ல. (2) விஎஸ் கோட்ல இல்ல. ஆனா டெர்மினல்ல கோட் ன்னு டைப் பண்ணித் திறந்தா இருக்கு! இதனாலதான் சில நாள் கிட் வேலை செஞ்சுது, சில நாள் செய்யலயா? (3) அப்பன் பேரு க்னோம்-டெர்மினல்-சர்வர். அதோட என்விரான்ல ப்ராக்ஸி இல்ல.

15 மே, மதியம் 1.40

சாப்பாட்டை வச்சிட்டு எழுதுறேன்.

அப்பன்கிட்ட இல்ல, பிள்ளை பிறக்கும்போதே கையில வச்சிருக்கு. அப்படின்னா நடுவுல, பெத்துப் போடுற அந்த நொடியில, அப்பனே புதுசா வாங்கிக் கையில திணிச்சிருக்கான். க்னோம் டெர்மினலுக்கு (க்னோம்ங்கிறது உபுண்டுவோட டெஸ்க்டாப்) அந்தப் பழக்கம் உண்டு. டெஸ்க்டாப் செட்டிங்ஸ்ல நெட்வொர்க் ப்ராக்ஸி 'மேனுவல்' ன்னு இருந்தா, அங்க இருக்கிற ஹோஸ்ட், போர்ட் எல்லாம் சேத்து இந்த வேரியபிள்களை உருவாக்கி, பெரிய எழுத்துலயும் சின்ன எழுத்துலயும் ஒவ்வொரு புது ஷெல்லுக்கும் குடுத்துடும். கடைசி சாய்கோடு அது போடுறதுதான். லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.0/8, ::1 மூணும் க்னோம் ப்ராக்ஸி விதிவிலக்குப் பட்டியல்ல முதல்ல இருந்தே இருக்கிறது.

இதை அடிங்க: ஜிசெட்டிங்ஸ் கெட் ஆர்க்.க்னோம்.சிஸ்டம்.ப்ராக்ஸி மோட். 'மேனுவல்' ன்னு வரலன்னா நான் இந்தத் தொழிலை விட்டுடுறேன்.

ஒண்ணு மட்டும் இடிக்குது. செட்டிங்ஸ்ல செத்துப்போன ப்ராக்ஸி இருந்தா பிரவுசரும் படுத்திருக்கணுமே. அது எப்படி ஓடுது?

15 மே, மதியம் 2.02 (கேட்டவர்)

'மேனுவல்' ன்னு வந்துச்சு அண்ணா!!!

பிரவுசர்... லீவுக்கு வந்த அன்னிக்கு ஃபயர்ஃபாக்ஸ் ஓடல. அதுல இருக்கிற செட்டிங்ஸ்ல போயி 'சிஸ்டம் ப்ராக்ஸி' ங்கிறதை 'நோ ப்ராக்ஸி' ன்னு மாத்தினேன். சரியாயிடுச்சு, அதோட மறந்துட்டேன். முதல் செமஸ்டர்ல சீனியர் ஒருத்தர் லேப்டாப் வாங்கி 'எல்லாம் செட் பண்ணித் தரேன்' ன்னு பண்ணாரு. அப்ப போட்டிருப்பாரு போல.

15 மே, இரவு 9.45

பிரவுசர் சமாசாரத்தை முதல்லயே சொல்லியிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மிச்சம். ஆனா உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. டாக்டர்கிட்ட போறவன் வலிக்கிற இடத்தைத்தான் காட்டுவான்.

குத்தம் என்னுது. முகவரியைத் தேடச் சொன்னேன் பாருங்க, அது சரி. பெரிய ஐ போடச் சொன்னேன், அது தப்பு. க்னோம் செட்டிங்ஸ் எல்லாம் வீட்டு போல்டர்ல .கான்ஃபிக்/டிகான்ஃப்/யூசர் ங்கிற ஒரே ஃபைல்ல இருக்கு. அது பைனரி. 172.16.2.30 அதுக்குள்ள எழுத்து மாறாம உக்காந்திருக்கும். ஐ போடாம விட்டிருந்தா 'பைனரி ஃபைல் பொருந்துது' ன்னு க்ரெப் முதல் அரை மணி நேரத்துலயே காட்டிக் குடுத்திருக்கும். சீக்கிரம் முடியும்னு சொல்லித்தான் போடச் சொன்னேன். இப்ப வீட்டுல என் மெஷின்ல ஒரு பொய் முகவரி வச்சுச் சோதிச்சேன். ஐ போட்டா மவுனம், ஐ இல்லன்னா ஒரு வரி.

வைத்தியம்: ஜிசெட்டிங்ஸ் செட் ஆர்க்.க்னோம்.சிஸ்டம்.ப்ராக்ஸி மோட் 'நன்'. இல்லன்னா செட்டிங்ஸ், நெட்வொர்க், ப்ராக்ஸி போயி அணைங்க. ஏற்கெனவே திறந்திருக்கிற ஜன்னல்ல மாறாது, அதுங்க பிறந்தாச்சு. புது ஜன்னல் திறங்க.

16 மே, காலை 7.30

கீழ ஒரு நண்பர் 'இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி, .பாஷ்ஆர்சி கடைசியில அன்செட் போட்டா முடிஞ்சுது' ன்னு எழுதியிருக்காரு. முடிஞ்சிருக்கும், அதை மறுக்கல. கூரை ஒழுகுற இடத்துல வாளி வைக்கிற மாதிரி. ஜூலைல தம்பி ஹாஸ்டல் திரும்புவாரு, செட்டிங்ஸ்ல ப்ராக்ஸி போடுவாரு, பிரவுசர் ஓடும், டெர்மினல் ஓடாது. அன்னிக்கு வாளி எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்காது. இங்க வந்து புதுசா ஒரு கேள்வி போடுவாரு, நான் மறுபடி மொட்டைமாடி ஏறணும்.

16 மே, இரவு 10.15

'ஒரு வேரியபிள் கூடுதலாக் கிடந்தா என்ன குடி முழுகிடும்' ன்னும் கேட்டிருக்காங்க. என் கதையைச் சொல்றேன். ரொம்ப வருஷம் முன்னாடி, வேற ஆபீஸ்.

சிடிபாத் ன்னு ஒரு வேரியபிள் இருக்கு. அதுல ஒரு போல்டர் பேரைப் போட்டு வச்சா, சிடி (போல்டர் மாறுற கட்டளை) அடிக்கும்போது அந்த போல்டருக்குள்ளயும் தேடும். எங்க இருந்தாலும் சிடி பில்லிங் ன்னு அடிச்சா நேரா என் வேலை போல்டருக்குள்ள இருக்கிற பில்லிங்குக்குப் போயிடலாம். சொகுசு. .பாஷ்ஆர்சியில போட்டேன். கை பழக்கத்துல முன்னாடி எக்ஸ்போர்ட் ஒண்ணையும் சேத்துப் போட்டேன்.

நாலஞ்சு மாசம் ஒண்ணும் இல்ல. ஒரு ப்ராஜெக்ட்ல சுத்தம் பண்ற ஸ்க்ரிப்ட் இருந்துச்சு: சிடி பில்ட், உள்ள போயி எல்லாத்தையும் அழி. டீம்ல ஆறு பேரும் தினம் ஓட்டுறது. என் மெஷின்ல மட்டும், அழிச்சதா சொல்லும், பழைய ஃபைல் அப்படியே இருக்கும். ரெண்டு நாள் இதையே தடவிக்கிட்டிருந்தேன். கம்பைலர் கேஷ்ங்கிறேன், டிஸ்க்ங்கிறேன். மூணாவது நாள் பக்கத்து சீட்டுக்காரர் 'இன்னொரு ப்ராஜெக்டோட ரிலீஸ் ஃபைலை யாருடா அழிச்சது' ன்னு வந்து நின்னாரு. ரெண்டு பேரும் என் மெஷின்லதான் அந்த வாரம் பில்ட் போட்டுக்கிட்டிருந்தோம்.

அவரோட பில்ட் போல்டர் என் வேலை போல்டருக்குள்ள நேரா இருந்துச்சு. சிடிபாத்ல புள்ளி (இப்ப நிக்கிற இடம்னு அர்த்தம்) போடலன்னா, சிடி முதல்ல அந்தப் பட்டியல்ல தேடும், அங்க கிடைக்கலன்னாதான் இப்ப நிக்கிற இடத்துல பாக்கும். ஸ்க்ரிப்ட் பக்கத்துல இருந்த பில்டை விட்டுட்டு, சிடிபாத் காட்டின பில்டுக்குள்ள போயி அங்க சுத்தம் பண்ணியிருக்கு. எக்ஸ்போர்ட் இல்லன்னா அந்த வேரியபிள் என் ஷெல்லோட நின்னிருக்கும், ஸ்க்ரிப்டுக்குப் போயிருக்காது.

வயிறு எரியுற விஷயம், துப்பு லாக்லயே இருந்துச்சு. சிடிபாத் வழியா போனா பாஷ் போய்ச் சேந்த இடத்தோட முழுப் பாதையை ஒரு வரி அச்சடிக்கும். அந்த ரெண்டு நாளும் ஒவ்வொரு தடவையும் அந்த வரி வந்திருக்கு, வேலை போல்டர், பில்ட் ன்னு. டெர்மினல்ல தினம் பாத்துப் பழகினதால கண்ணுல விழல.

இப்பவும் சிடிபாத் வச்சிருக்கேன். எக்ஸ்போர்ட் இல்லாம, முதல்ல ஒரு புள்ளியோட. ஸ்க்ரிப்ட் எழுதினா சிடி ./பில்ட் ன்னு எழுதுவேன். புள்ளி சாய்கோடுல ஆரம்பிச்சா சிடிபாத் பக்கமே போகாது.

19 மே, இரவு 8.40

'மேக்ல இருந்து லினக்ஸ் சர்வருக்கு எஸ்எஸ்எச் பண்ணா எல்சி_சிடைப் பத்தித் திட்டுது, சர்வர்ல எந்த ஃபைல்லயும் அது இல்ல' ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. எஸ்எஸ்எச்ன்னா தூரத்துக் கம்ப்யூட்டருக்குள்ள லாகின் பண்ற வழி, எல்சி_சிடைப் எழுத்து வகையைச் சொல்ற வேரியபிள். அதை சர்வர்ல தேடினா கிடைக்காது. உங்க மேக் டெர்மினல் எல்சி_சிடைப்ல வெறும் யுடிஎஃப்-8 ன்னு வைக்குது, எஸ்எஸ்எச் க்ளையன்ட் அதைப் பொட்டலம் கட்டி அனுப்புது, சர்வர் வாங்கிக்குது. அனுப்புறதுக்கு சென்ட்என்வ், வாங்கிக்கிறதுக்கு அக்செப்ட்என்வ். லேங், எல்சி ல ஆரம்பிக்கிறது எல்லாத்துக்கும் டெபியன், உபுண்டு ரெண்டுலயும் ரெண்டு பக்கமும் கதவு திறந்தே வருது. லினக்ஸ்ல மொழி பேர் இல்லாம யுடிஎஃப்-8 ன்னு மட்டும் ஒரு லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) கிடையாது, அதான் திட்டு. மேக் டெர்மினல் ப்ரொஃபைல்ல, அட்வான்ஸ்ட் பகுதில, 'லொகேல் வேரியபிளை ஸ்டார்ட்அப்ல வை' ங்கிற டிக்கை எடுத்துடுங்க.

திட்டோட போனா பரவாயில்ல. இதே வழியா வந்த எல்சி வேரியபிளால என் சார்ட் வரிசை மாறி, அதை நம்பி ஓடின, ரெண்டு ஃபைலை ஒப்பிடுற காம் கட்டளை 'ஃபைல் வரிசையில இல்ல' ன்னு நின்னிருக்கு. அதுல இருந்து ஸ்க்ரிப்ட்ல சார்ட்டுக்கு முன்னாடி எல்சி_ஆல்=சி போட்டுடுவேன்.

19 மே, இரவு 8.55

க்ரான்ல (குறிச்ச நேரத்துல ஸ்க்ரிப்டைத் தானா ஓட்டுறது) எக்ஸ்போர்ட் பண்ண வேரியபிள் வரலன்னு கேட்டவருக்கு: உங்களுது தலைகீழ் வியாதி. தம்பிக்கு வேண்டாதது வந்துச்சு, உங்களுக்கு வேண்டியது வரல. க்ரான் உங்க .பாஷ்ஆர்சியைப் படிக்காது. பாத்ல (கட்டளையைத் தேடுற போல்டர் பட்டியல்) சாதாரணமா /யுஎஸ்ஆர்/பின், /பின் ரெண்டுதான் இருக்கும். ஸ்க்ரிப்ட்ல .பாஷ்ஆர்சியை சோர்ஸ் பண்ணியும் வரலன்னு சொல்றீங்க. உபுண்டு தர்ற .பாஷ்ஆர்சியோட தலையில 'இன்டராக்டிவ் இல்லன்னா திரும்பிப் போ' ன்னு நாலு வரி இருக்கு, பாருங்க. உங்க எக்ஸ்போர்ட் எல்லாம் அதுக்குக் கீழ இருக்கு.

20 மே, காலை 6.50

'ஆர்சி ன்னா என்ன, ரன் கமாண்டா' ன்னு ஒரு கேள்வி. கிட்டத்தட்ட. 1960கள்ல எம்ஐடில சிடிஎஸ்எஸ் ன்னு ஒரு சிஸ்டம். அதுல கட்டளைங்களை ஒரு ஃபைல்ல எழுதி வச்சு ஓட்டுற வசதிக்கு ரன்காம் ன்னு பேரு, அதோட சுருக்கம் யூனிக்ஸுக்கு வந்து ஒட்டிக்கிச்சு. வேரியபிளைப் பிள்ளைக்குக் கடத்துற இந்தச் சூழல் ஏற்பாடு அதுக்கு அப்புறம், 1979ல யூனிக்ஸ் ஏழாம் பதிப்போட வந்தது.

கடத்தல்னதும் ஞாபகம் வருது. 2014 செப்டம்பர்ல ஷெல்ஷாக் ங்கிற பாஷ் ஓட்டையால உலகமே அல்லாடிச்சே, அதுவும் இதே வழிதான். பாஷ் சூழல் வழியா ஃபங்ஷனையும் கடத்தும். வாங்கிக்கிற பாஷ், ஃபங்ஷன் முடிஞ்ச பிறகும் வால்ல ஒட்டியிருந்த கட்டளையைச் சேத்து ஓட்டிடுச்சு. அந்த வாரம் நான் மூணு நாள் வீட்டுக்கே போகல.

21 மே, மாலை 5.00

என் முதல் குறிப்பை மறுபடி படிச்சேன். நூத்துக்குத் தொண்ணூறு .ப்ரொஃபைல் ன்னு எந்த தைரியத்துல எழுதினேனோ. என் அனுபவத்துல அதுதான் அதிகம், ஆனா நான் பாக்கிறது சர்வருங்க. அங்க டெஸ்க்டாப்பே கிடையாது. அதை அப்படியே ஒரு மாணவரோட லேப்டாப் மேல போட்டுப் பாத்திருக்கேன்.

இனிமே யார் கேட்டாலும் முதல்ல /ப்ராக்/$$/என்விரான் பாக்கச் சொல்லுவேன். அதுல இல்லன்னா மணி, தடம், க்ரெப். இருந்தா அப்பன், தாத்தா ன்னு ஏறிக்கிட்டே போகணும். எந்தப் படியில முதல்ல தலை காட்டுதோ அங்க நிக்கணும். அப்படி ஏறும்போது சிஸ்டம்டில (லினக்ஸ்ல மத்த ப்ரோக்ராமை எல்லாம் கிளப்பி விடுறது) வந்து முட்டினா சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஷோ-என்விரான்மென்ட், கூடவே .கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி போல்டர். லாகின்ல முட்டினா /எட்சி/என்விரான்மென்ட். அதை ஷெல் படிக்கிறது இல்ல, லாகினைச் சரிபாக்கிற பாம் படிக்குது. அதனால அதுக்குள்ள டாலர் போட்டு $ஹோம் ன்னு எழுதினா $ஹோம் ன்னுதான் வரும், வீட்டுப் பாதை வராது. டீமக்ஸ்ல (ஒரே டெர்மினல்ல பல ஷெல் நடத்துறது) முட்டினா அதோட சர்வர் ஆரம்பிச்ச அன்னிக்கு இருந்த சூழல் அதுக்குள்ள உறைஞ்சு கிடக்கும். டீமக்ஸ் ஷோ-என்விரான்மென்ட் -ஜி.

மேக் வச்சிருக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க, அங்க /ப்ராக் கிடையாது.

9 ஜூலை 2023, இரவு 9.20 (கேட்டவர்)

அண்ணா, காலேஜ் திறந்தாச்சு, ஹாஸ்டல் வந்துட்டேன். இப்ப எதுவுமே ஓடல, கிட், பிரவுசர் ரெண்டும். இதை போன் டேட்டால அடிக்கிறேன். .பாஷ்ஆர்சியில பழைய ரெண்டு வரியைத் திரும்பப் போட்டுடவா?

9 ஜூலை, இரவு 9.25

.பாஷ்ஆர்சியில கை வைக்காதீங்க! செட்டிங்ஸ்ல ப்ராக்ஸிய மேனுவல் ஆக்குங்க, முகவரி பழசு அப்படியே இருக்கும். புது ஜன்னல் திறங்க. ஃபயர்ஃபாக்ஸை மறுபடி 'சிஸ்டம் ப்ராக்ஸி' க்கு மாத்துங்க.

9 ஜூலை, இரவு 9.41 (கேட்டவர்)

ரெண்டும் ஓடுது. பழைய ஜன்னல்லயே ரெண்டு தடவை அடிச்சுப் பாத்துட்டுப் பதறிட்டேன், அப்புறம்தான் புதுசு திறந்தேன். ரூம்மேட்டுக்கும் இதே பிரச்சினை, அவன் .பாஷ்ஆர்சியில அன்செட் போட்டு வச்சிருக்கான்.